கவ்வாத்து விறகு

"கட்டையப் பொளக்குறியேம்மா, செடி செத்துப்போகும். நாளைக்கும் இப்படின்னா பழையபடி கொழுந்து பறிக்கவே போயிரு" என்றார் கணக்கப்பிள்ளை.

தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டும் கவ்வாத்து வேலைக்கு அந்தத் தோட்டத்தில் சேர்ந்த முதல் பெண் பிரேமினி. அட்டன் டவுன் கடையில் பளபளப்பைப் பார்த்து வாங்கிய அவள் கத்தி ஒரே நாளில் மழுங்கிவிட்டது.

அன்று மாலை அண்ணன் வீட்டில் கிடந்த கருத்த பழைய கத்தியைத் தட்டிப் பார்த்தாள். கணீரென்றது. வாங்கிவந்து, கல்லை நனைத்துத் தீட்டினாள். கூர் பார்க்கத் தன் அடுப்படி விறகை வெட்டினாள். நான்கு வருசத்துக்கு முன் நடந்த போன கவ்வாத்தில் பொறுக்கிய தேயிலை விறகு. முதல் நான்கு கட்டைகள் நறுங்காமல் சிதறிப் பிளந்தன. கத்தியைக் கல்லில் இன்னும் சாய்த்துத் தீட்டினாள். அடுத்த ஏழும் நறுக்கென்று விழுந்தன. வெட்டிய இடம் ஈரமாக இருந்தது. கல்லுத் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் பக்கத்துக் காம்பிரா வீட்டு அம்மாக்கண்ணு விறகு கேட்டு வந்தாள். வந்தவள் அடுப்படியிலேயே நின்றுவிட்டாள். பிளந்த நான்கும் காய்ந்தபடியே கிடந்தன. மற்ற ஏழிலும் கொழுந்து விட்டிருந்தது.

"இது போன கவ்வாத்து வெறகுதானே புள்ள?"

"ஆமாக்கா. அதுல கை வைக்காதீங்க."

பிளந்த நான்கையும் அவளிடம் கொடுத்தாள் பிரேமினி. கொழுந்து விட்ட ஏழு கட்டைகளையும் வாசலில் ஊன்றிவிட்டு, கத்தியோடு காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நடந்தாள்.