முதல் நாலு நிமிஷம்

"கேஸ்காரர் கையெழுத்து இல்லாம ஒரு நிமிஷ வீடியோகூட இங்கேருந்து வெளிய போகாதுங்க ஐயா."

பூட்டக்கா இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவும் மாட்டாள், தாழ்த்தவும் மாட்டாள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு அரசாங்கச் செலவில் வாதாடும் அலுவலகம் அது. அங்கே வந்து சேரும் கேமரா பதிவுகள், போன் நகல்கள், பென் டிரைவ்கள் எல்லாம் அவள் பொறுப்பு. கையெழுத்து இல்லாமல் எதையும் தரமாட்டாள் என்பதால் வக்கீல்களே வைத்த பெயர்தான் பூட்டக்கா. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு துண்டுச்சீட்டில் கேஸ் நம்பரைப் பிழையில்லாமல் எழுதி வந்திருந்தார். பத்து வருடப் பழைய கேஸ். மருந்துக்கடை ஒன்றில் கொள்ளையடிக்க நுழைந்த ஒருவன் கத்தியை எடுத்துவிட்டான். கடையில் இருந்த பெண் பிழைக்கவில்லை. ஆயுள் தண்டனை. அப்பீலும் தள்ளுபடியாகி, எல்லாம் முடிந்துபோன விவகாரம்.

சர்வரில் இடமில்லை என்று, முடிந்த பழைய கேஸ்களின் பதிவுகளை அந்த மாதக் கடைசியில் அழிக்க உத்தரவு வந்திருந்தது. அறிவிப்பை வாசலில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வந்தேன் என்றார் அவர். போலீஸிடம் கேட்டாராம், அவர்கள் பிரதியை எப்போதோ அழித்துவிட்டார்களாம். மருந்துக்கடையும் இப்போது இல்லையாம்.

"உங்க பையனோட கேஸா?" என்று பூட்டக்கா கேட்டாள்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பூட்டக்கா மறுபடி கேட்கவில்லை. அங்கே வரும் அப்பாக்களில் பாதிப் பேர் அந்தக் கேள்விக்கு வாயைத் திறப்பதில்லை.

"முழுசும் வேண்டாம்மா," என்றார் அவர். "முதல் நாலு நிமிஷம் போதும். சத்தமும் வருமா அதுல?"

வரும் என்றாள். ஜெயிலுக்குப் போய் ஒரு கடிதம் வாங்கி வரச் சொல்லி, அதில் என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் குறித்தும் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மத்தியானம் அவள் அந்தப் பதிவை ஓட்டிப் பார்த்தாள். கல்லாவுக்குப் பின்னால் நின்ற பெண் யாரிடமோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டே மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவன் நின்றிருந்தான். உள்ளே வரவில்லை. ஒரு தடவை திரும்பிப் போகப் பார்த்தான், மறுபடி வந்து நின்றான். நாலு நிமிஷம் கழித்துத்தான் கதவைத் தள்ளினான். பூட்டக்கா அதோடு நிறுத்திவிட்டாள். தப்பு செய்வதற்கு முன்னால் இருந்த மகனைப் பார்க்க ஆசைப்படுகிறார், பாவம், என்று நினைத்துக்கொண்டாள்.

பத்து நாள் கழித்து அவர் வெறுங்கையோடு வந்தார். ஜெயிலில் பார்க்க அனுமதி வாங்கவே ஒரு வாரம் அலைந்தாராம். அனுமதி கிடைத்துப் போனால், அவன் வெளியே வர மறுத்துவிட்டானாம்.

"இவ்வளவு தூரம் வந்தவரை ஒரு எட்டு வந்து பாக்கக்கூடாதா?" என்று பூட்டக்காவுக்கே கோபம் வந்துவிட்டது.

"என் மூஞ்சியைப் பாக்க அவனுக்குக் கஷ்டமா இருக்கும்," என்றார் அவர். அவ்வளவுதான் சொன்னார்.

இரண்டாம் முறை போனபோது அவன் வந்தானாம். கம்பிக்கு அந்தப் பக்கம் கால்மணி நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டானாம். தாளை நீட்ட இவருக்கும் கை வரவில்லையாம்.

பூட்டக்கா அழிக்க வேண்டிய பட்டியலில் அந்தக் கேஸ் நம்பரைக் கடைசி வரிக்குத் தள்ளி வைத்தாள். இருபது வருட வேலையில் அவள் விதியை வளைத்தது அந்த அளவுக்குத்தான்.

மாதத்தின் கடைசி நாள் காலையில், அலுவலகம் திறப்பதற்கு முன்பே அவர் வாசலில் நின்றிருந்தார். மூன்றாம் முறை போய் வாங்கிய கடிதத்தை நீட்டினார். 'இதைக் கொண்டுவருபவர் கேட்கும் பதிவைக் கொடுத்துவிடவும். எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான்; ஜெயில் முத்திரையும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி எழுதி, படிக்க முடியாதபடி அடித்திருந்தான்.

பூட்டக்கா கையெழுத்தைப் பழைய ஃபைலோடு ஒப்பிட்டாள். அவருடைய அடையாள அட்டையையும் நகல் எடுத்தாள். பிறகு நாலு நிமிஷத்தை மட்டும் வெட்டிப் பென் டிரைவில் ஏற்றினாள். சரியாக வந்திருக்கிறதா என்று காட்ட, திரையை அவர் பக்கம் திருப்பி ஓடவிட்டாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். கூட்டினாள்.

"இதோ, கதவுக்கு வெளிய நிக்கிறாரு பாருங்க உங்க பையன். கொஞ்சம் பெருசாக்கிக் காட்டட்டுமா?"

"அவனை வேண்டாம்மா, அவனைத்தான் ஜெயில்லயே பாத்துட்டேனே," என்று சொல்லிவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தவள் மேல் அவர் விரலை வைத்தார். "இவதான் என் பொண்ணு."