ஒரு நிமிட வெளிச்சம்

ஓடினாள்.

கையில் ஊசிக்குழல். உள்ளே பைருவேட். சர்க்கரையை எரிக்கும்போது உடம்பு தானே செய்துகொள்கிற சரக்குதான். ஸ்கேன் திரையில் ஒளிர்வதற்காகக் கடுங்குளிரில் வைத்து அதற்குக் காந்தம் ஏற்றியிருந்தார்கள். வெளியே எடுத்த நொடியிலிருந்து அந்தக் காந்தம் வடிந்துகொண்டே இருக்கும். ஒரு நிமிடம் போனால் பாதி காலி.

மருந்தாளுநர் சோதித்துத் தலையசைத்ததுதான் தாமதம், ஸ்கேன் அறைக்குப் பறந்துவிட்டாள்.

"வழி விடுங்க! வழி விடுங்க!"

போன வாரமும் இப்படித்தான் ஓடிவந்தாள். வந்தவள் ஸ்கேன் அறை வாசலில் நின்று செருப்பைக் கழற்றினாள். பழக்க தோஷம். வார் வேறு சிக்கிக்கொண்டது. திரையில் ஒன்றுமே விழவில்லை. வெட்கத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

இன்று வரும்போதே வெறுங்கால்.

உள்ளே படுத்திருந்தார் மஞ்சள் வியாபாரி பொங்கியண்ணன். தொடையில் புற்றுக்கட்டி. புது மருந்து தொடங்கியும் கட்டி இம்மியளவும் சுருங்கவில்லை. மருந்து கேட்கவில்லை என்றால் காலையே எடுத்துவிடுவதாகப் பேச்சு.

புற்று பெருந்தீனிக்காரன். பைருவேட்டை அள்ளி விழுங்கி லாக்டேட்டாக மாற்றித் தள்ளும். லாக்டேட்டைக் காட்டும் திரையில் அந்த இடம் பளீரென்று எரியும். மருந்து கேட்டிருந்தால் பசி அடங்கி இருண்டு கிடக்கும். பொங்கியண்ணனுக்கும் இதைச் சொல்லித்தான் படுக்க வைத்திருந்தாள்.

ஊசி ஏறியது.

கட்டி இருந்த இடம் இருட்டு.

இன்றும் பிந்திவிட்டாளா? காந்தம் வழியிலேயே வடிந்துவிட்டதா?

பக்கத்துத் திரையைப் பார்த்தாள். அது பைருவேட்டை மட்டும் காட்டுவது.

தொடை ரத்தக்குழாய் நெடுக வெளிச்சம். கட்டிக்குள்ளும் வெளிச்சம்.

இலை நிறையப் பரிமாறியிருக்கிறது. கை வைக்கத்தான் ஆளில்லை.

துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. குதித்தும் விட்டாள்.

ஒலிபெருக்கியில் பொங்கியண்ணனின் குரல் வந்தது. "ஏனுங் அம்மிணி, என்ன தெரியுது?"

"இருட்டுங்கய்யா! கும்மிருட்டு!"



மிச்சப் படங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அசையவே கூடாது என்று அவரிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

திரையில் படம் குலுங்கத் தொடங்கியது.

யாரும் அவரை அதட்டவில்லை.