கோபுரத்தின் இருட்டு வாசல்

2011 ஆகஸ்ட். ஆக்லாந்தில் அதிசயமாகப் பனி பெய்கிறது; மண்ணைத் தொட்டதும் கரைந்துவிடுகிறது. பழைய பூங்காவின் வெள்ளைக் கோபுரத்தின் முன்னால் ரதிதேவி கைபேசியோடு நிற்கிறார். இங்கே இருபது ஆண்டு தோட்டவேலை செய்த கணவர், ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து கேட்டது இந்தக் கோபுரத்தின் முன்னால் பனி விழும் படத்தைத்தான். எட்டு முறை எடுத்தும் படத்தில் பனி இல்லை. வானம் வெளுக்கத் தொடங்குகிறது; பனி நின்றுவிடும் போலிருக்கிறது. "வெள்ளைச் சுவத்துல வெள்ளைப் பனி எப்படிக்கா தெரியும்?" சிரித்துக்கொண்டே சாவியோடு ஓடிவரும் தோட்டக்காரர் ராஜூ, கோபுரத்தின் கதவைத் திறந்து பிடிக்கிறார். உள்ளே நல்ல இருட்டு. அதன் முன்னால் பொரி தூவியதுபோல் பனி விழுவது தெரிகிறது. "முருகா" என்று ரதிதேவி பொத்தானை அழுத்துகிறார். படத்தில் அவ்வளவு பனியும் இருக்கிறது. "என் கையும் படத்துல விழுந்துடுச்சேக்கா. அழிச்சிட்டு வேற எடுங்க." "இருக்கட்டும் தம்பி. கதவைத் திறந்தது ஆரெண்டு அவர் கட்டாயம் கேப்பார்."