வெளியே தெரிந்த தகடு

தொட்டிக்குள் ஒரு காலை விட்டிருந்த ஃபிட்டரை, "வெளியே வாங்க!" என்று தடுத்தாள் பாதுகாப்பு அதிகாரி. காலையில் வீட்டில் மூண்ட சண்டைக்குப் பிறகு, அவள் தன் கணவனான அந்த ஃபிட்டரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஃபோர்மேன் சிரித்தார். "ஏம்மா, வீட்டுச் சண்டைய இங்கயும் இழுத்துட்டு வரணுமா? வால்வை மூடியாச்சு. விஷவாயு வர்ற குழாய்ல அடைப்புத் தகடும் போட்டாச்சு. அதோ, கண்ணு முன்னாடி நிக்குது பாரு."

'8' வடிவத் தகடு அது. ஒரு வட்டம் முழு இரும்பு, மற்றது நடுவே ஓட்டையுள்ள வெறும் வளையம்; ஒன்று குழாய்க்குள் இருந்தால் மற்றது வெளியே நிற்கும். முழு இரும்பு வட்டம் வெளியே பளபளத்தது.

"நானே மாட்டினது. என்மேல இருக்கிற கோபத்த வேலையில காட்டாதே" என்றான் கணவன்.

அவள் குரல் நடுங்கியது. "அடைக்க வேண்டிய வட்டம் வெளியே நிக்குதுன்னா, குழாய்க்குள்ள எது இருக்கு?"

அவன் முகம் வெளிறியது. உள்ளே இருந்தது வளையம். வால்வு லேசாகக் கசிந்தாலும் வாயு நேரே தொட்டிக்குள் வந்துவிடும்.

காலை வெளியே எடுத்து, மெல்ல அவளருகே வந்தான்.

"வெளியே தெரியறதுக்கு நேர்மாறாத்தான் உள்ளே இருக்கும். மறந்துட்டேன்."

"தகட்டைத்தானே சொல்றீங்க?"

"உன் கோபத்தையும்தான்."