அப்பா மறந்த ஆறு மாதம்

வெண்மதியின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மருத்துவமனை ஒரு வருட அனுபவம் கேட்டது. அவளிடம் ஆறு மாதம்தான் இருந்தது.

"அதுக்கென்ன கண்ணு, மறுக்கா நானே போறேன். சம்பளமில்லாத வேலைக்கு ரிட்டையர் ஆனவன வேண்டாம்னா சொல்லப்போறாங்க?" என்று சிரித்தார் அப்பா.

போன முறையும் அவர்தான் போனார். வேறொரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் ஆறு மாதம் வேலை பார்த்தார். கடைசி நாளில் அந்த அனுபவம் முழுவதையும் அவர் தலையிலிருந்து எடுத்து மகள் தலைக்கு மாற்றினார்கள். அவருக்கு அதில் ஒரு நாள்கூட மிஞ்சவில்லை.

அவளுக்கோ எல்லாம் தனக்கே நடந்ததுபோல நினைவிருந்தது. பேரன் வயதுள்ள மேலாளர் எல்லோர் முன்னாலும் "யோவ் பெருசு" என்று கூப்பிட்டது. நாள் முழுக்க நின்றது. மாடிப்படிக்கு அடியில் நின்றபடியே தயிர்சோறு தின்றது. வீட்டு வாசல் வந்ததும் நொண்டலை மறைத்து நடந்தது.

"எனக்குத்தான் ஒண்ணும் நெனப்பில்ல. நீ சொல்லு கண்ணு, அந்த வேல எப்படி இருந்துச்சு? போலாமா?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்கப்பா."

"உக்கார சேர் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கப்பா" என்றாள். முழங்காலுக்குக் கீழே அவளுக்கு விண்விண்ணென்று வலித்தது.