அவளுக்கு வந்த குரல்

டப்பிங் அறையின் விளக்கை அணைத்ததும் திரையில் அவள் முகம் தெரிகிறது. பதினேழு வயதுக்குள் பாப் பாட்டுப் பாடி மேடை மேடையாகக் கூட்டத்தை ஆட வைத்தவள், முதல் படத்தில் தன்னைப் பார்க்கும் ஆசையோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டப்பிங் பேசும் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு, மைக்கை நெருங்குகிறாள். திரையில் இவள் வாயசைக்கிறாள்; அந்தப் பெண்ணின் குரல் வருகிறது. இவள் இயக்குநர் பக்கம் திரும்புகிறாள்.

"என் வசனத்தை நானே பேசறேனே, சார்."

இயக்குநர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் குரலைக் கேட்டா பாட்டுக்காரிதாம்மா ஞாபகத்துக்கு வரா. எனக்கு நடிகை வேணும்."

சும்மா இரு என்பதுபோல அம்மா இவள் முழங்காலை அழுத்துகிறாள். திரையில் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு இவள் தோள் குலுங்க நிற்கும் இடத்தில் படம் நிற்கிறது. "இங்க பாப்பா சிரிக்குதா, அழுவுதா?" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் கேட்கிறாள். பதில் சொல்ல இவள் வாயைத் திறக்கிறாள். அதற்குள் அம்மா முந்திக்கொண்டு, "அழறா," என்கிறாள். அந்தப் பெண் தொண்டையைச் செருமிக்கொண்டு இவளுக்காக அழத் தொடங்குகிறாள். நன்றாகவே அழுகிறாள்.