காசிச் செம்பு

மருந்துக்கடைக்குப் போய் மூச்சு மிஷினுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கி வருவதற்குள், என் கொழுந்தியாள் வேலம்மாள், கங்கைத் தண்ணீர் அடைத்த காசிச் செம்பின் மூடியை உடைத்துவிட்டாள்.

"அத்தான், மிஷின்ல ஊத்த இதவிடச் சுத்தமான தண்ணி உண்டுமா?"

"ஏட்டி, அது சாகப்போறவ வாயில ஊத்துறதுல்லா? உங்கக்கா மூச்சு விடுறது உனக்குப் பொறுக்கலியா?"

செம்பைப் பிடுங்கினேன். டாக்டர் சொல்வதில் பாதியை நம்பமாட்டேன். கண்ட தண்ணீரை ஊற்றினால் கிருமி நெஞ்சுக்குள் போகும் என்றதை மட்டும் நம்பினேன். வாங்கி வந்ததை மிஷினில் ஊற்றினேன். முகமூடிக்குள்ளிருந்து என் பெண்டாட்டி செம்பையே பார்த்தாள்.

"மூடிய உடைச்ச தண்ணி இனி கெடாம நிக்காது. கடைசியில அக்காவுக்கு எத ஊத்துவீய?" என்றாள் வேலம்மாள்.

"ஒரு மண்ணும் ஊத்த வேண்டாம்."

பெண்டாட்டி பார்க்க, அண்ணாந்து நானே குடித்தேன். களிம்பு கசந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை.